பட்டாயாவில் ஒரு வீடும் ஒரு வருஷ விசாவும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தாய்லாந்து மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. கடல் நன்றாக இருக்கிறது, சாப்பாடு நன்றாக இருக்கிறது, ஆஸ்பத்திரிகளும் நன்றாகவே இருக்கின்றன. நாலு நாள் போய் வந்தவன் எவனாக இருந்தாலும் திரும்பி வரும் விமானத்தில் "பேசாம இங்கேயே இருந்துட்டா என்ன?" என்று ஒருமுறையாவது யோசிக்காமல் இருக்க மாட்டான். யோசிப்பதில் தப்பே இல்லை. அந்த யோசனையை நம்பி 80 லட்சம் ரூபாயை எடுத்து வைப்பதில்தான் எனக்குப் பிரச்சினை.

பொட்டி தட்டுகிற கூட்டத்தில் இப்போது இதுதான் சீசன். 40 வயதைத் தாண்டிய இரண்டு பேர் காபி மெஷின் பக்கம் நின்றால் முன்னாடியெல்லாம் ஓ.எம்.ஆரில் சதுர அடி என்ன விலை என்று பேசுவார்கள். இப்போது பட்டாயா, புக்கெட், பினாங்கு, துபாய் என்று உலக வரைபடமே காபி மெஷினுக்குப் பக்கத்தில் விரிகிறது.

எங்கள் டீம் லீடு அண்ணனுக்கு வயசு 44. பட்டாயாவில் 35 சதுர மீட்டரில் ஒரு காண்டோ பார்த்து வைத்திருக்கிறார். ஒரே ஒரு படுக்கையறை, பால்கனியில் எட்டிப் பார்த்தால் கொஞ்சம் கடல். விலை 30 லட்சம் பாட், நம்ம காசுக்கு 80 லட்சம் பக்கம். திட்டம் ரொம்ப சிம்பிள். வருஷத்துக்கு 20 நாள் லீவுக்குப் போய்த் தங்குவது, மற்ற நாளில் வாடகைக்கு விடுவது, 55 வயசில் வேலையை விட்டுவிட்டு அங்கேயே செட்டில் ஆவது. "ஒரே கல்லுல மூணு மாங்கா தம்பி" என்கிறார்.

என் கட்சி என்னவென்றால், மூணு மாங்காயும் வேற வேற மரத்தில் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மாங்காய் 1: லீவு

வருஷத்தில் 20 ராத்திரி தங்கப் போகிறார். ஒரு ராத்திரிக்கு 2,000 பாட் கொடுத்து சுமாரான ஹோட்டலில் தங்கினால் 40,000 பாட். 30 லட்சத்தை 40,000 ஆல் வகுத்தால் 75. அதாவது இன்றைய விலையில் 75 வருஷம் ஹோட்டலில் தங்கலாம். ஹோட்டல் விலை ஏறாதா என்றால், ஏறும். ஆனால் 80 லட்சமும் சும்மாவா இருக்கும்? 6 சதவீத வட்டிக்குப் போட்டால் வருஷம் 4 லட்சத்து 80 ஆயிரம். 30 சதவீதம் வரி கட்டின பிறகும் அறுபது ராத்திரிக்கு ஹோட்டல் வாடகை வருகிறது, முதல் அப்படியே இருக்கிறது. இதில் காண்டோ பராமரிப்புக் கட்டணம் வேறு. சதுர மீட்டருக்கு மாதம் 50 பாட் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். வருஷத்துக்கு 21,000 பாட். போனாலும் போகாவிட்டாலும் கட்டணும். ஹோட்டல் செலவில் பாதி இதிலேயே போச்சு.

இதையெல்லாம் விட, ஒரு தடவை காண்டோ வாங்கிவிட்டால் அப்புறம் லீவு என்றாலே அதே பட்டாயாதான். "அவ்ளோ காசு போட்டு வாங்கியிருக்கோம், வியட்நாம் எதுக்கு?" என்று வீட்டில் சட்டம் போட்டுவிடுவார்கள். லீவு போய் டியூட்டி ஆகிவிடும் :)

மாங்காய் 2: வாடகை

நெட்டில் போட்டு தினவாடகைக்கு விட்டால் பணம் கொட்டும் என்று புரோக்கர் சொல்வார். தாய்லாந்தில் 2004ஆம் வருஷத்து ஹோட்டல் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஹோட்டல் உரிமம் இல்லாமல் 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது அதில் மாட்டும். ஊரில் பலர் செய்கிறார்களே என்றால், ஆமாம், செய்கிறார்கள். நம்ம ஊரில் ஒன்வேயில் எதிர்த்து வருகிறவர்களும் பல பேர்தான். வேறு நாட்டில், வேறு மொழியில் அபராதம் கட்டுகிற தைரியம் இருந்தால் செய்யலாம்.

மாத வாடகைக்கு விடலாம், தப்பில்லை. ஆனால் அப்போது டிசம்பரில் நீங்கள் லீவுக்குப் போகும்போது உங்கள் வீட்டில் வேறு ஒருத்தர் குடியிருப்பார். மாங்காய் 1 கீழே விழுந்தால் மாங்காய் 2 மரத்திலேயே இருக்கும். இரண்டும் ஒன்றாக விழாது.

மாங்காய் 3: ரிட்டயர்மென்ட்

இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

தாய்லாந்தில் வெளிநாட்டுக்காரர் நிலம் வாங்க முடியாது. காண்டோ வாங்கலாம். 1979ஆம் வருஷத்து காண்டோமினியம் சட்டப்படி ஒரு கட்டடத்தில் உள்ள வீடுகளின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டுக்காரர் பெயரில் இருக்கலாம். பணம் வெளிநாட்டிலிருந்து வெளிநாட்டு நாணயமாக வந்ததற்கு வங்கிச் சான்று வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தால் பத்திரம் உங்கள் பெயரில், முழு உரிமையோடு பதிவாகும். ஏமாற்று வேலை எதுவும் இல்லை.

ஆனால் அந்தப் பத்திரம் விசா ஆகாது. வீடு உங்களுடையது, அதில் வருஷம் முழுக்க இருப்பதற்கான அனுமதி அந்த நாட்டு அரசாங்கத்துடையது. ரிட்டயர் ஆனவர்களுக்கான வழக்கமான வழி இதுதான்: வயசு 50 தாண்டியிருக்க வேண்டும். தாய் வங்கியில் 8 லட்சம் பாட் போட்டு வைக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். கிடைப்பது ஒரு வருஷம். அடுத்த வருஷம் மறுபடியும் அதே பேப்பர்கள், அதே வரிசை. நடுவில் 90 நாளுக்கு ஒருமுறை "இன்னும் இந்த முகவரியில்தான் இருக்கிறேன்" என்று தெரிவிக்க வேண்டும். அந்த விசாவில் வேலை பார்க்கக் கூடாது. "அங்கிருந்து கொஞ்சம் கன்சல்டிங் பண்ணுவேன்" என்று கனவு காணும் அண்ணன்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்.

இன்றைக்கு இருக்கிற விதி இது. அண்ணன் ரிட்டயர் ஆவது பதினோரு வருஷம் கழித்து. அப்போது விதி என்னவாக இருக்கும்?

நம்ம வேலையில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பயம் உண்டு. வேறு யாரோ எழுதிய லைப்ரரியை நம்பி முழு அப்ளிகேஷனையும் கட்டிவிடுவோம். ஒருநாள் அவன் அடுத்த வெர்ஷனில் எல்லாவற்றையும் மாற்றிவிடுவான். நாம் கத்தலாம், மாற்றச் சொல்ல முடியாது. விசாவும் அப்படித்தான், ஒரே வித்தியாசம், இங்கே பழைய வெர்ஷனுக்குத் திரும்பிப் போக வழியே கிடையாது.

இது கற்பனை இல்லை. பக்கத்திலேயே மலேசியாவைப் பாருங்கள். 2002ல் 'மலேசியா மை செகண்ட் ஹோம்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். தமிழ் கேட்கும், இட்லி கிடைக்கும், கோவில் இருக்கும் என்பதால் நம்ம ஆட்களுக்கும் பினாங்கு மேல் ஒரு கண். 2020 ஆகஸ்டில் திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். 2021ல் திரும்ப வந்தபோது காட்ட வேண்டிய மாத வருமானம் 10,000 ரிங்கிட்டிலிருந்து 40,000 ரிங்கிட்டாகிவிட்டது. வைப்புத்தொகை 10 லட்சம் ரிங்கிட். ஏற்கெனவே அங்கே வீடு வாங்கிக் குடியிருந்தவர்களுக்கும் புது விதி என்று முதலில் சொல்லி, எதிர்ப்பு கிளம்பின பிறகுதான் அவர்களுக்குத் தளர்த்தினார்கள். 2024ல் மறுபடியும் மாற்றி வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று மூன்று வகுப்பாகப் பிரித்தார்கள். நாலே வருஷத்தில் இவ்வளவு மாற்றம். அந்த நடுவில் வீட்டுப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரி தூங்காமல் இருந்தவர்களில் பலர் 60, 70 வயசுக்காரர்கள்.

தாய்லாந்தும் விதிவிலக்கு இல்லை. வருஷத்தில் 180 நாளோ அதற்கு மேலோ அங்கே இருப்பவர்கள் வெளிநாட்டு வருமானத்தை எந்த வருஷம் உள்ளே கொண்டுவந்தாலும் வரிக் கணக்கில் வரும் என்று 2024 ஜனவரி 1 முதல் மாற்றினார்கள். அதற்கு முன் சம்பாதித்த வருஷத்தைத் தாண்டிக் கொண்டுவந்தால் வரி இல்லை என்பதை நம்பித்தான் பலர் கணக்குப் போட்டிருந்தார்கள்.

சரி, அந்தப் பக்கம்தான் இப்படி, நம்ம பக்கம் உறுதியா? 2013 ஆகஸ்டில் ரூபாய் சரிந்தபோது ரிசர்வ் வங்கி வெளிநாட்டுக்குத் தனிநபர் அனுப்பும் வரம்பை 2 லட்சம் டாலரிலிருந்து 75,000 டாலராக வெட்டியது, அந்தப் பணத்தில் வெளிநாட்டில் வீடு வாங்கவும் தடை போட்டது. 2014ல் தடையை நீக்கினார்கள், 2015ல் வரம்பை இரண்டரை லட்சம் டாலராக உயர்த்தினார்கள். 2023 அக்டோபரில், குறிப்பிட்ட வரம்புக்கு மேல் அனுப்பும் பணத்துக்கு முன்கூட்டியே 20 சதவீதம் வரி வசூல் என்றார்கள். 2025 ஏப்ரலில் அந்த வரம்பு 7 லட்சத்திலிருந்து 10 லட்சமானது. வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை உங்கள் பணம் அங்கே உட்கார்ந்திருக்கும். வெளிநாட்டு வீட்டை வருஷாவருஷம் வரிப் படிவத்தில் காட்டவும் வேண்டும். மறந்தால் 2015ஆம் வருஷத்துக் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கு வழி இருக்கிறது.

இரண்டு அரசாங்கம், இரண்டு நாணயம், இரண்டு வரிச் சட்டம். இத்தனையும் பதினோரு வருஷம் அண்ணனுக்குச் சாதகமாக அசையாமல் நின்றால்தான் மூணாவது மாங்காய் விழும்.

அப்படியே விழுந்தாலும்...

ஏன் அங்கே போகணும் என்று அண்ணனிடம் கேட்டேன். கடல், மசாஜ், கோல்ஃப் என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். "பையன் எப்படியும் அமெரிக்கா போயிடுவான்டா. இங்க இருந்தா மட்டும் நமக்கு யாரு?" என்றார்.

இதற்குச் சட்டெனப் பதில் சொல்ல முடியவில்லை. இந்தப் பேச்சு முழுக்க நியாயமான காரணம் இது ஒன்றுதான். ஆனால் இந்தக் காரணத்துக்குக் காண்டோ கொஞ்சமும் உதவாது என்றே நினைக்கிறேன்.

போன வருஷம் மதுரையில் அப்பாவுக்கு ராத்திரி ஒரு மணிக்கு நெஞ்சு வலி. நான் சென்னையில். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது கீழ் வீட்டு மாமா. கேஸ் ஷீட்டில் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று சொன்னது தெருமுனை மெடிக்கல் ஷாப் அண்ணாச்சி, அதுவும் தூக்கத்திலிருந்து எழுந்து போனில். அம்மாவுக்கு அந்த ராத்திரி ஒரு வார்த்தைகூட மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அப்பா சொந்தமாக வைத்திருப்பது இரண்டு படுக்கையறை வீடு. ஆனால் அந்த ராத்திரி உதவியது வீடு இல்லை, அந்தத் தெருவில் வாழ்ந்த இருபத்தாறு வருஷம். அதை எந்த பில்டரும் விற்பதில்லை.

பட்டாயாவிலும் இருபத்தாறு வருஷம் வாழ்ந்தால் இது கிடைக்கும். மனிதர்கள் எல்லா ஊரிலும் மனிதர்கள்தான். ஆனால் வருஷத்துக்கு 20 நாள் வீதம் பதினோரு வருஷம் போனால் மொத்தம் 220 நாள். ஒரு வருஷம்கூட இல்லை. அந்த மொழி தெரியாது, அந்த எழுத்து தெரியாது, பக்கத்து வீட்டில் இருப்பவரும் உங்களை மாதிரி வந்து போகிற ஆள். நம்ம ஊர் மெடிக்ளெய்ம் பெரும்பாலும் நம்ம ஊர் ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான். அங்கே 60க்கு மேல் புதிதாக இன்சூரன்ஸ் எடுக்கப் போனால் பிரீமியத்தைக் கேட்டே நெஞ்சு வலி வரும்.

அண்ணியிடமும் ஒரு நாள் பேச்சு வந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "இவர் போயிட்டா அங்க நான் என்ன செய்வேன்?" சரியான கேள்வி. அவர் இருப்பது கணவர் விசாவை நம்பி என்றால், கணவர் இல்லாத நாளில் அந்த விசாவும் இல்லை. வாரிசாக வரும் வெளிநாட்டவர் காண்டோ சட்டம் சொல்லும் தகுதிக்குள் வராவிட்டால் ஒரு வருஷத்துக்குள் வீட்டை விற்றாக வேண்டும். துக்கத்தோடு, தெரியாத மொழியில், அவசர விற்பனை. இதை எந்த பிரோஷரிலும் படம் போட்டுக் காட்ட மாட்டார்கள்.

"அப்போ தாழம்பூர்ல வாங்கினா மட்டும் பில்டர் ஏமாத்த மாட்டானா?" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். ஏமாற்றலாம். நம்ம ஊர் பில்டர்களுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் தாழம்பூரில் 90 நாளுக்கு ஒருமுறை நான் உயிரோடு இங்கேதான் இருக்கிறேன் என்று யாரிடமும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை.

அப்போ என்னதான் செய்வது?

போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. புரொடக்‌ஷனில் ஏற்றுவதற்கு முன்னால் டெஸ்ட் பண்ணுங்கள் என்கிறேன். 50 வயசு ஆகட்டும். அந்த விசா எடுத்து ஆறு மாசம் வாடகை வீட்டில் இருந்து பாருங்கள். அதுவும் டிசம்பரில் இல்லை, செப்டம்பர், அக்டோபரில், மழை கொட்டும்போது. ஒரு தடவை அங்கே காய்ச்சல் வரட்டும். ஒரு தடவை இமிக்ரேஷன் ஆபீஸ் வரிசையில் நில்லுங்கள். ஒரு தீபாவளி அங்கே இரண்டே பேராக இருந்து பாருங்கள். அதற்கு அப்புறமும் பிடித்திருந்தால் தாராளமாக இருங்கள், ஆனால் வாடகைக்கே இருங்கள். விதி மாறினால் இரண்டு சூட்கேஸோடு கிளம்பி வந்துவிடலாம். வாங்கினவர்கள் விற்றுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். விதி மாறின அன்றைக்குக் கட்டடத்தில் இருக்கிற எல்லா வெளிநாட்டுக்காரரும் சேர்ந்து விற்பார்கள்.

வயசான காலத்தில் கையில் இருக்க வேண்டியது கிளம்ப முடிகிற வசதி. இருக்கிற காசையெல்லாம் கொடுத்து அதையே விற்றுவிடுவதற்குப் பெயர் முதலீடு இல்லை. சொந்த செலவில் சூனியம்!

அண்ணனுக்கு புக்கிங் தொகை கட்ட இன்னும் மூணு வாரம் இருக்கிறது. இதைப் படிப்பார் என்று தெரியும். அண்ணே, அப்ரைசலில் கை வெச்சிடாதீங்க. அதோட, அண்ணி கேட்ட கேள்விக்கு புரோக்கர்கிட்ட ஒரு பதில் வாங்கிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க.

டிஸ்கி: நான் வக்கீலும் இல்லை, ஆடிட்டரும் இல்லை, வெறும் பொட்டி தட்டுகிறவன். மேலே சொன்ன விதிகள் எப்போது வேண்டுமானாலும் மாறலாம். அதைத்தானே இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன் :)