குளிர்ச் சங்கிலி எங்கே அறுகிறது?



காலையில் வீட்டுக்கு வரும் ஆவின் பால் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ஜில்லென்று இருக்கும். ஆனால், மாட்டின் மடியிலிருந்து கறந்தபோது அந்தப் பால் வெதுவெதுப்பாக, ஏறக்குறைய 37 டிகிரி செல்சியஸில் இருந்தது. நடுவில் என்ன நடந்தது?

ஒரு கணக்குப் போடுவோம். சூடான இடத்தில், உணவும் கிடைத்தால், ஒரு பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பெருகக்கூடும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், ஒரு மணி நேரத்தில் எட்டாகும். இப்படியே போனால் ஆறு மணி நேரத்தில் எத்தனை? நோட்டில் போட்டுப் பாருங்கள். 2,62,144! பால் ஏன் திரிகிறது என்று இப்போது புரிகிறதல்லவா?

அதனால்தான் கிராமத்துப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றும் பாலை, சில மணி நேரத்துக்குள் குளிரூட்டி 4 டிகிரி அளவுக்குக் கொண்டு வருகிறார்கள். பிறகு, வெப்பம் புகாத டேங்கர் லாரியில் பால் பண்ணைக்கு அனுப்புகிறார்கள். அங்கே காய்ச்சிப் பதப்படுத்தி, மறுபடி குளிர வைத்து, பாக்கெட்டில் அடைக்கிறார்கள். குளிர், கிருமிகளைக் கொல்வதில்லை. அவற்றின் வேகத்தைத்தான் குறைக்கிறது. ஆகவே வழியில் எங்கேயும் குளிர் விட்டுப்போகக் கூடாது. இந்த ஏற்பாட்டுக்குத்தான் 'குளிர்ச் சங்கிலி' என்று பெயர். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் முழுச் சங்கிலியும் வீண்தானே?

ஐஸ்கிரீம் சாப்பிடும்போது சில சமயம் நறநறவென்று பனித்துகள் நாக்கில் படும். வழியில் எங்கேயோ ஒரு முறை உருகி, மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். உறைந்த உணவை மைனஸ் 18 டிகிரியிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

இனி கள்ளக்குறிச்சிக்குப் போவோம். விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019-ல் தனி மாவட்டமான ஊர். அங்கிருந்து கச்சிராயபாளையம் வழியாக மேற்கே போனால் கோமுகி அணை. அதற்கு மேலே கல்வராயன் மலை. மலைவாழ் மக்கள் நிறைந்த பகுதி.

இந்த மலைக்குப் பெயர் வாங்கித் தந்த பொருள்கள் எவை? தேன், புளி, கடுக்காய், சாமை. இவற்றுக்குள் ஓர் ஒற்றுமை இருக்கிறது. என்னவென்று யோசியுங்கள்.

கண்டுபிடித்தீர்களா? இவற்றில் எதுவும் சீக்கிரம் கெடாது! காய வைத்தோ, புட்டியில் அடைத்தோ மாதக்கணக்கில் வைக்கலாம். சாலை மோசமானாலும், வண்டி தாமதமானாலும் நஷ்டமில்லை. அழுகாத பொருள்தான் மலையை விட்டுத் தைரியமாகக் கீழே இறங்கும்.

அழுகும் பொருளின் கதை வேறு. குச்சிக்கிழங்கு என்று நாம் சொல்லும் மரவள்ளிக்கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மலையிலும் அடிவாரத்திலும் ஏராளமாக விளைகிறது. மண்ணுக்குள் இருக்கும் வரை நன்றாக இருக்கும். பிடுங்கிவிட்டால் இரண்டு, மூன்று நாட்களிலேயே உள்ளே கறுக்கத் தொடங்கிவிடும். அதனால்தான் கிழங்கை உடனுக்குடன் ஆலைகளுக்குக் கொண்டுபோய், மாவாகவும் ஜவ்வரிசியாகவும் மாற்றிவிடுகிறார்கள். ஜவ்வரிசியாகிவிட்டால் அது எங்கே வேண்டுமானாலும் பயணம் போகும். குளிர்ப்பெட்டியே இல்லாமல் கெடுதலைத் தடுக்கும் நல்ல வழி இது!

ஆனால், ஆலையில் கிழங்குக்கு விலை எப்படி வைக்கிறார்கள் தெரியுமா? அதில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறது என்று 'பாயிண்ட்' கணக்கில் அளந்து வைக்கிறார்கள். பிடுங்கிய கிழங்கு நாளாக ஆக மாவுச்சத்தை இழக்கும். பாயிண்ட் குறையும், விலையும் குறையும். "இந்த விலைக்கு வேண்டாம், திருப்பி எடுத்துப் போகிறேன்" என்று விவசாயியால் சொல்ல முடியுமா? திருப்பி எடுத்துப் போனால் கிழங்கு வீணாகிவிடுமே! பேரம் பேசவும் நேரம் வேண்டும், குழந்தைகளே. அந்த நேரத்தைத்தான் குளிர் நமக்குத் தருகிறது.

தக்காளிக்கும் கீரைக்கும் இது இன்னும் கடினம். அவற்றை ஜவ்வரிசி போல மாற்றி வைக்க முடியாதே. நாடு முழுவதும் நடத்தி 2022-ல் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, அறுவடைக்குப் பிறகு தக்காளியில் 11.61 சதவீதமும், கொய்யாவில் 15.05 சதவீதமும் வீணாகின்றன. 100 கிலோ தக்காளியில் ஏறக்குறைய 12 கிலோ யார் வயிற்றுக்கும் போகவில்லை. அதற்கு ஊற்றிய தண்ணீரும், போட்ட உரமும், பட்ட பாடும் சேர்ந்தே குப்பைக்குப் போகின்றன.

"அப்படியானால், ஊருக்கு ஊர் பெரிய குளிர்பதனக் கிடங்கு கட்டிவிடலாமே!" என்பீர்கள். நல்ல யோசனைதான். 2020-ல் மத்திய அரசு, வேளாண் கட்டமைப்பு நிதி என்று ஒரு லட்சம் கோடி ரூபாய்க் கடன் திட்டத்தையும் அறிவித்தது. ஆனால், கட்டடம் மட்டும் போதாது. நம் நாட்டுக் கிடங்குகளில் பெரும்பாலானவை உருளைக்கிழங்குக்காகக் கட்டப்பட்டவை. உருளைக்கிழங்குக்கு ஏற்ற குளிரில் வாழைப்பழத்தை வைத்தால் தோல் கறுத்துவிடும். வீட்டு ஃபிரிட்ஜிலேயே பார்த்திருப்பீர்கள். வாழைக்கு 13 டிகிரி அளவே போதும். ஒவ்வொரு காய்க்கும் ஒவ்வொரு குளிர். மின்கட்டணமும் கட்ட வேண்டும். கிடங்கு பாதி நாள் காலியாகக் கிடந்தால் யாருக்கு லாபம்?

இன்னொன்றும் இருக்கிறது. கிடங்கு அடிவாரத்தில், தோட்டம் மலையில். முதல் கண்ணி எங்கே? தோட்டத்திலிருந்து தார்ச்சாலை வரை உள்ள அந்தச் சில கிலோமீட்டர்தான் முதல் கண்ணி! 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை இது. அதனால் வசதிகள் தாமதமாகவே வந்தன. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து, இந்த மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றி வழக்கு எடுத்து விசாரித்தபோது, சாலை வசதிக் குறைவும் அதில் பேசப்பட்டது. கடைசி மைலில் ஏசி லாரி ஓடி என்ன பயன், முதல் மைலில் கூடை வெயிலில் காய்ந்தால்?

மலைக்குக் குளிரைக் கொண்டுபோக முடியாதா? முடியும்! போலியோ சொட்டு மருந்து முகாமை நினைத்துப் பாருங்கள். ஐஸ் பைகள் வைத்த சிறு பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, சுகாதாரப் பணியாளர்கள் வண்டி போகாத ஊருக்கும் நடந்தே போகிறார்கள். மருந்துக் குப்பியின் மேல் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம் இருக்கும். வெப்பம் பட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்த மருந்தைப் போட மாட்டார்கள். சங்கிலி அறுந்ததை மருந்தே சொல்லிவிடுகிறது!

சென்னை மெரினாவில் விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, அதன் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்திலிருந்து, குளத்தில் உறைந்த பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவந்து அங்கே வைத்தார்கள். கட்டடம் எழுந்தது 1842-ல். மின்சாரமே இல்லாத அந்தக் காலத்தில் பனிக்கட்டி ஏழு கடல் தாண்டி வந்தது. ஏறக்குறைய 240 கிலோமீட்டரில் உள்ள கள்ளக்குறிச்சிக் காய் இன்று வாடாமல் சென்னைக்கு வர முடியாதா?

பாலுக்கு முடிந்ததற்குக் காரணம், இரண்டு லிட்டர் கறப்பவரும் இருபது லிட்டர் கறப்பவரும் சங்கத்தில் ஒன்றாகச் சேர்ந்து ஊற்றியதுதான். தனி ஆளால் குளிரூட்டும் இயந்திரம் வாங்க முடியாது. ஊர் கூடினால் முடியும். காய்கறிக்கும் அதே வழிதான். முதலில் நல்ல சாலை. அடுத்து, மலையிலேயே ஒரு சிறிய சேகரிப்பு இடம். பிறகு லாரி. இந்த வரிசை மாறக் கூடாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சோதனை செய்து பாருங்கள். பெரிய மண்சட்டிக்குள் ஒரு சிறிய மண்சட்டியை வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் மணலைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி ஈரமாக்குங்கள். ஒரு கட்டுக் கீரையில் பாதியை உள்ளே வைத்து ஈரத்துணியால் மூடுங்கள். மீதியை வெளியே வையுங்கள். மறுநாள் காலையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும் என்று அறிவியல் பாடத்தில் படித்தது கண்ணுக்கு முன்னால் தெரியும். செங்கல்லையும் மணலையும் வைத்து, இதே முறையில் டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் விவசாயிகளுக்காக ஒரு குளிர் அறையையே உருவாக்கியிருக்கிறது. அதற்கு மின்சாரம் தேவையில்லை!

அடுத்த முறை சந்தையில் அம்மா தக்காளி பொறுக்கும்போது, கூடவே நின்று பாருங்கள். நசுங்கிய ஒரு தக்காளி கையில் பட்டால், "இது எந்தக் கண்ணியில் அறுந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். என்ன, கேட்பீர்களா?