அயலவர் பந்தியில்



மேற்படிப்புக்காகவும் ஆராய்ச்சிக்காகவும் தைவான் தீவுக்குச் செல்லும் நம் இளைஞர் இன்று பலர். இந்தியத் தொழிலாளரை அங்கே பணியில் அமர்த்துவது குறித்து 2024 பிப்ரவரியில் உடன்படிக்கை ஒன்றும் கையெழுத்தாகியுள்ளது. பிள்ளையை வழியனுப்பும் தாய் கேட்கும் முதற் கேள்வி, “அங்கே என்ன சாப்பிடுவாய்?” என்பதே. ஊறுகாயும் பருப்புப் பொடியும் பெட்டியில் பாதியை அடைத்துக்கொள்கின்றன. இக்கேள்வியை அற்பமென்று தள்ளிவிடலாகாது. அயல்நாட்டில் கால் வைப்பவன், அந்நாட்டு மொழியைக் கற்குமுன்னரே அந்நாட்டார் பந்தியில் அமர வேண்டியவனாகிறான்.

அவனை முதலில் எதிர்கொள்வது மணம். தைப்பே மாநகரின் ஷிலின் போன்ற இரவுச் சந்தைகளில் ‘நாறும் தோஃபு’ என்றே பெயர் பெற்ற பண்டம் உண்டு. சோயாப் பாலைத் திரித்துக் கட்டியாக்கி, நொதித்த உப்பு நீரில் ஊறவிட்டு, எண்ணெயில் பொரித்து, புளிக்கவைத்த முட்டைக்கோசுடன் தருவர். புதியவன் மூக்கைப் பொத்திக்கொள்வான். அவ்வூரார் சப்புக் கொட்டி உண்பர். நம் வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதிக்கையில் பழக்கமில்லா விருந்தினர் முகம் எப்படி மாறும் என்பதை எண்ணிப் பார்த்தால் இதில் வியப்பொன்றும் இராது.

அந்நியமாய்த் தோன்றுவன எல்லாம் அந்நியமும் அல்ல. உலகெங்கும் பரவிவிட்ட ‘முத்துப் பால் தேநீர்’ 1980களில் அங்கே தோன்றியது. தைச்சுங், தைநான் நகர்களிலுள்ள இரு தேநீர் இல்லங்கள், தாமே அதனை முதலில் கண்டதாக இன்றளவும் உரிமை கொண்டாடுகின்றன. குவளையின் அடியில் கிடக்கும் அக்கரிய முத்துக்கள் மரவள்ளிக்கிழங்கு மாவினால் ஆனவை. சேலத்து ஆலைகளில் ஜவ்வரிசியாகி நம் பாயசத்தில் மிதப்பதும் அதே மாவுதான்.

ஒவ்வோர் உணவுக்கும் ஒரு வரலாறு உண்டு. தைவானில் பெயர் பெற்ற மாட்டிறைச்சி நூடுல்ஸ், 1949இல் உள்நாட்டுப் போரில் தோற்றுச் சீனப் பெருநிலத்தினின்று வந்திறங்கிய படைவீரர், அவர்தம் குடும்பத்தார் ஆகியோரின் அடுப்பிலே உருவானது. பிறந்த ஊருக்கு மீள வழியற்றுப் போனவர்கள் அதன் சுவையையேனும் காத்துக்கொண்டனர். அதே தீவில் பழைய உழவர் குடும்பங்கள் பல மாட்டிறைச்சியைத் தொடுவதில்லை. நிலத்தை உழுது தம்மை வாழ்வித்த எருதுக்கு அவர்கள் செய்யும் நன்றிக்கடன் அது. ஒருவன் உண்பதிலும் உண்ணாததிலும் அவன் முன்னோரின் கண்ணீரும் நன்றியும் கலந்திருக்கின்றன.

சிஞ்சு நகரில் ஆராய்ச்சி மாணவராய் இருக்கும் நம் பங்கு இளைஞர் ஒருவர் எனக்கு மடல் எழுதியிருந்தார். சந்திர நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் அலைந்து திரியும் ஆவிகளுக்கென வீட்டு வாயில்களிலும் கடை வாயில்களிலும் மேசையிட்டுப் பழம், பணியாரம், இறைச்சி முதலியவற்றைப் படைத்து ஊதுபத்தி ஏற்றுவது அந்நாட்டு வழக்கம். படையல் முடிந்ததும் அவற்றை வீணாக்காது உண்பர். அண்டை அயலாருக்கும் பகிர்வர். அடுத்த வீட்டு மூதாட்டி ஒரு தட்டு நிறையப் பழங்கள் கொண்டுவந்து கொடுத்தார். “சாமி, வாங்கவும் அச்சம், மறுக்கவும் மனமில்லை. என்ன செய்வது?” என்பது இளைஞரின் கேள்வி.

இக்கேள்வி கொரிந்து நகரத்து முதற் கிறிஸ்தவர்களை வாட்டிய அதே கேள்வியாகும். புனித சின்னப்பர் அவர்களுக்குத் தெளிவான விடை தந்தார். உலகும் அதிலுள்ளவையும் ஆண்டவருடையவை; ஆதலின் பிற மதத்தார் விருந்துக்கு அழைத்தால், பரிமாறுவதைத் துருவித் துருவி ஆராயாது உண்ணலாம் என்றார். ஆனால் ‘இது படைக்கப்பட்டது’ என்று ஒருவர் எடுத்துரைத்தால், அவருடைய மனச்சான்றை முன்னிட்டு உண்ணாது விடும்படியும் அறிவுறுத்தினார். பொய்த்தெய்வ வழிபாட்டில் பங்குகொள்ளுதல் ஒருபோதும் ஆகாது என்பதையும் அவர் அழுத்திச் சொன்னார்.

ஆகவே நான் எழுதிய மறுமொழி இது: “அம்மூதாட்டி தருவது அண்டை வீட்டாரின் அன்பெனில், இறைவனுக்கு நன்றி கூறி வாங்கி உண்ணும். ஆவிகளை வேண்டும் சடங்கில் சேர்ந்து கொள்ள அழைத்தால், பணிவுடன் விலகும். நீர் உண்பதைக் கண்டு, விசுவாசத்தில் இளைய தோழர் எவரேனும் இடறுவாராயின், அவர் பொருட்டு விட்டுவிடும்.”

திருச்சபையும் இவ்வழியைக் கண்டடையக் காலம் பிடித்தது. முன்னோருக்குச் செய்யும் சீனச் சடங்குகளைப் பாப்பரசர் 14ஆம் ஆசீர்வாதப்பர் 1742இல் தடை செய்தார். மரித்தோருக்குக் காட்டும் குடிமரியாதை வழிபாட்டினின்று வேறானது என ஆய்ந்தறிந்து, 1939இல் 12ஆம் பத்திநாதரின் காலத்தில் அத்தடை தளர்த்தப்பட்டது. இன்று தைவானியக் கத்தோலிக்கர் புத்தாண்டுத் திருப்பலியை ஒட்டித் தம் முன்னோரை நினைந்து மலரும் கனியும் வைத்து வணங்குகின்றனர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எதையும் உண்ணக் கட்டாயமில்லை. மரக்கறி உண்போரை அந்நாட்டார் மதிக்கின்றனர். பௌத்த நெறியைப் பின்பற்றி, வெங்காயம், பூண்டும் சேர்க்காத உணவகங்கள் ஊர்தோறும் உள்ளன. முன்கூட்டியே சொன்னால் எவரும் வருந்தார். பரிமாறிய பின் முகம் சுளிப்பதுதான் புண்படுத்தும். எழுபத்திரண்டு சீடரை அனுப்பியபோது, தமக்கு முன் வைப்பதை உண்ணுமாறு நம் ஆண்டவர் பணித்தார். கொடுக்கச் செல்பவர் முதலில் பெற்றுக்கொள்ளக் கற்க வேண்டும் என்பது அதன் உட்பொருள் போலும்.

அவ்விளைஞர் பழங்களை வாங்கிக்கொண்டார். கிறிஸ்மஸ் அன்று ஜவ்வரிசிப் பாயசம் காய்ச்சி அம்மூதாட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாராம். முத்துக்களைக் கண்டதும் அவர் சிரித்துவிட்டு, “யார் பிறந்தநாள்?” என்று கேட்டாராம். சொல்வதற்கு அவருக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது.

பெற்றோரே, பிள்ளையின் பெட்டியில் ஊறுகாய் வையுங்கள், தவறில்லை. அத்துடன், பிறர் தரும் உணவை நன்றியுடன் ஏற்கும் மனத்தையும் கொடுத்தனுப்புங்கள். அதனைக் கற்பிக்கும் இடம் நம் வீட்டுப் பந்தியே. வேலை தேடி வடமாநிலங்களிலிருந்து நம் ஊருக்கு வந்திருப்போரையும் இத்திருநாளில் ஒருவேளை உணவுக்கு அழைப்போமா?