இரட்டை சிம் கைப்பேசி யாருக்குச் சொந்தம்? காப்புரிமை வழக்குகளில் நியாயம் எங்கே?

அலோர் காஜாவிலும் ஜாசினிலும் உள்ள கைப்பேசிக் கடைகளில் இன்று ஒரே ஒரு எண்ணை மட்டும் ஏற்கும் கைப்பேசியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வேலைக்கு ஒரு எண், வீட்டுக்கு ஒரு எண் என வைத்திருப்போர் தோட்டப்புறத்திலும் பட்டணத்திலும் ஏராளம். இந்த வசதி தம்முடைய கண்டுபிடிப்பு என்றும், தம் அனுமதி இல்லாமல் அத்தகைய கைப்பேசிகளை இறக்குமதி செய்யக் கூடாது என்றும் மதுரையைச் சேர்ந்த ஒருவர் சட்டப்படி உரிமை கோரிய காலம் ஒன்று உண்டு. இந்தியச் சுங்கத் துறையும் அவர் புகாரை ஏற்று, துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் சரக்குகளைத் தடுத்தது.

கைப்பேசி நிறுவனங்கள் மீது தொடுக்கப்படும் காப்புரிமை வழக்குகள் என்றாலே ஆப்பிளும் சாம்சுங்கும் மோதிக்கொண்ட வழக்குதான் பலருக்கு நினைவுக்கு வரும். 2011இல் தொடங்கி 2018இல் சமரசத்தில் முடிந்த அந்தச் சண்டையில் இரு தரப்புமே மலை போன்ற நிறுவனங்கள். அதில் யார் வென்றாலும் சாமானியருக்கு ஒன்றுமில்லை என்று நினைக்கலாம். மதுரை வழக்கு அப்படியல்ல. ஒரு தனிமனிதர் ஒரு பக்கம், பெரிய நிறுவனங்கள் மறுபக்கம். நியாயம் எது என்ற கேள்வி அங்கேதான் கூர்மையாகிறது.

மதுரையிலிருந்து துறைமுகம் வரை

சோமசுந்தரம் ராம்குமார் 2002இல் சென்னையில் காப்புரிமைக்கு விண்ணப்பம் செய்தார். ஒரே கைப்பேசியில் பல சிம் அட்டைகளைப் போட்டுப் பயன்படுத்தும் முறைக்கான விண்ணப்பம் அது. 2008இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் இந்திய அரசு ஒரு புதிய சுங்க விதியைக் கொண்டு வந்திருந்தது. காப்புரிமை வைத்திருப்பவர் சுங்கத் துறையில் பதிவு செய்தால், அதை மீறுவதாகக் கருதப்படும் இறக்குமதிப் பொருள்களை அதிகாரிகள் நிறுத்தி வைக்கலாம் என்பது அந்த விதி.

ராம்குமார் அந்த விதியைக் கையில் எடுத்தார். சென்னை உயர் நீதிமன்றத்திலும் வழக்குத் தொடுத்தார். ஸ்பைஸ், சாம்சுங் உள்ளிட்ட நிறுவனங்கள் இந்தச் சச்சரவில் சிக்கின. ஸ்பைஸ் நிறுவனம், காப்புரிமையே செல்லாது என்று அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்தில் முறையிட்டது. 2012 ஜூனில் வாரியம் காப்புரிமையை ரத்து செய்தது. முன்பே வெளியாகியிருந்த ஆவணங்களை வைத்துப் பார்க்கையில், அத்துறை அறிந்த ஒருவருக்கு எளிதில் தோன்றக்கூடியதுதான் அந்த ஏற்பாடு என்பது வாரியத்தின் முடிவு.

பட்டாவும் பொதுப் பாதையும்

காப்புரிமையை நிலப்பட்டாவுக்கு ஒப்பிட்டால் இந்த வழக்கு எளிதில் விளங்கும். ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். அதன் செய்முறையை ஒளிக்காமல் ஊரறியப் பதிவு செய்கிறார். பதிலுக்கு, 20 ஆண்டுகளுக்கு அதை அவர் அனுமதியின்றி யாரும் செய்யவோ விற்கவோ கூடாது என்று அரசு பட்டா கொடுக்கிறது. காலம் முடிந்ததும் அது எல்லோருக்கும் பொதுவாகிவிடும். உழைத்தவருக்குக் கூலி, ஊருக்கு அறிவு. இந்தக் கொடுக்கல் வாங்கல் நியாயமானதே.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பட்டாவில் ஊரார் நடந்து போகும் பொதுப் பாதையும் சேர்த்து எழுதப்பட்டுவிட்டால் என்ன செய்வது என்பதில்தான். காப்புரிமை அலுவலகம் கொடுத்துவிட்டது என்பதாலேயே அது அசைக்க முடியாத உரிமை ஆகிவிடாது. பின்னர் அதைச் சோதித்து ரத்து செய்யச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால், அந்தச் சோதனை முடியும் முன்பே வேலி போட்டு வழியை மறித்துவிட்டால், காத்திருக்க முடியாத வியாபாரி பணத்தைக் கட்டிவிட்டுப் போகத்தான் பார்ப்பார். கட்டிய பணம் கடைசியில் கைப்பேசியின் விலையில் ஏறும்.

அமெரிக்காவில் 2006இல் நடந்ததும் இதுதான். சொந்தமாக எந்தக் கருவியும் தயாரிக்காத என்டிபி என்ற நிறுவனம், பிளாக்பெர்ரி கைப்பேசியைத் தயாரித்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்திருந்தது. அந்தக் காப்புரிமைகளின் தகுதியை அமெரிக்கக் காப்புரிமை அலுவலகமே மறுபரிசீலனை செய்துகொண்டிருந்தது. இருந்தும், சேவையே முடக்கப்படலாம் என்ற அச்சத்தில் பிளாக்பெர்ரி தரப்பு 61 கோடியே 25 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

எளியவருக்கும் ஓர் ஆயுதம்

இதை வைத்துக் காப்புரிமை வழக்குகள் எல்லாமே வழிப்பறி என்று முடிவு கட்டுவது தவறு. அதே 2006இல், சிங்கப்பூரின் கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனம் இசைக்கருவியில் பாடல்களை வகைப்படுத்திக் காட்டும் தன் முறையை ஐபாட் மீறுவதாக ஆப்பிள் மீது வழக்குத் தொடுத்தது. ஆப்பிள் 10 கோடி அமெரிக்க டாலர் கொடுத்து உரிமம் பெற்றது. காப்புரிமை என்ற ஒன்று இல்லாதிருந்தால், தன்னைவிடப் பல மடங்கு பெரிய நிறுவனத்தை அந்தச் சிங்கப்பூர் நிறுவனம் பேச்சுவார்த்தைக்கே அழைத்திருக்க முடியாது.

இந்தியாவில் எரிக்சன் தொடுத்த வழக்குகள் இன்னொரு வகை. கைப்பேசி வலையமைப்பில் இணைய எல்லோரும் பயன்படுத்தியே ஆக வேண்டிய தொழில்நுட்பங்கள் மீது அந்நிறுவனம் உரிமை கோரியது. இத்தகைய காப்புரிமை வைத்திருப்பவர் நியாயமான விலைக்கு எல்லோருக்கும் உரிமம் தர வேண்டும் என்பது அத்துறையின் ஏற்பாடு. 2014 டிசம்பரில் சியாவ்மி கைப்பேசிகளின் விற்பனைக்கு டில்லி உயர் நீதிமன்றம் முதலில் தடை விதித்தது. பிறகு, குறிப்பிட்ட சில்லு உள்ள கைப்பேசிகளை, ஒன்றுக்கு 100 ரூபாய் நீதிமன்றத்தில் கட்டிவிட்டு விற்கலாம் என்று தளர்த்தியது. லாவா நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் 2024 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. எட்டுக் காப்புரிமைகளையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்த நீதிமன்றம் ஒன்றைச் செல்லாது என்று தள்ளியது. மற்றவற்றுக்காக லாவா 244 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்றது.

இந்த வழக்குகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. வழக்குத் தொடுப்பவர் பெரியவரா சிறியவரா என்பது நியாயத்தின் அளவுகோல் ஆகாது. பட்டா உண்மையானதா என்று சோதித்த பின் பணம் கேட்கப்பட்டதா, சோதிக்கும் முன்பே கழுத்தைப் பிடித்துக் கேட்கப்பட்டதா என்பதுதான் பார்க்க வேண்டியது. ராம்குமார் வழக்கில் தவறு அவர் உரிமை கோரியதில் இல்லை. ஒரு கண்டுபிடிப்பு புதுமையானதா என்று எடைபோடும் பயிற்சி சுங்க அதிகாரிக்குக் கிடையாது. அவர் கையில் தடுக்கும் அதிகாரத்தைக் கொடுத்த விதியில்தான் கோளாறு. 2018இல் இந்திய அரசு அந்தச் சுங்க விதியிலிருந்து காப்புரிமையை நீக்கியது.

மலாக்காவுக்கு என்ன?

மலாக்காத் தமிழர்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. பத்து பெரண்டாமில் 1973இல் சீமென்ஸ் தொடங்கிய மின்னியல் தொழிற்சாலை இன்று இன்ஃபினியோன் வசம் உள்ளது. தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலருக்கு இத்தகைய ஆலைகளே சோறு போட்டன. கைப்பேசி மின்னூட்டிகளிலும் பயன்படும் ஒருவகைச் சில்லுகள் தொடர்பில், அதே இன்ஃபினியோன் 2024இல் சீனாவின் இன்னோசயன்ஸ் மீது அமெரிக்காவில் காப்புரிமை வழக்குத் தொடுத்தது.

மறுபக்கம், தமிழ்ப்பள்ளி மாணவர்கள் புத்தாக்கப் போட்டிகளில் பதக்கம் வாங்கிய செய்தி அடிக்கடி வருகிறது. படம் எடுத்துப் போடுவதோடு பெரும்பாலும் அது முடிந்துவிடுகிறது. 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின்படி, கண்டுபிடித்தவரே தம் கண்டுபிடிப்பை வெளியிட்டிருந்தாலும், ஓராண்டுக்குள் மலேசியாவில் விண்ணப்பம் செய்யலாம். ஐரோப்பாவில் பொதுவாக அந்தச் சலுகை கிடையாது. ஆகவே கண்காட்சிக்குப் போகுமுன் விண்ணப்பம் செய்வதே பாதுகாப்பு.

பெரிய கண்டுபிடிப்பாக இல்லாமல், இருக்கும் கருவியில் புதிதாகச் செய்த பயனுள்ள சிறு மாற்றமாக இருந்தால், ‘பயன்பாட்டுப் புத்தாக்கச் சான்றிதழ்’ என்ற இன்னொரு வழி இருக்கிறது. முதலில் 10 ஆண்டு, பிறகு ஐந்தைந்து ஆண்டாக இருமுறை நீட்டிக்கலாம். எதற்கு விண்ணப்பித்தாலும், இதற்கு முன் உலகில் யாராவது அதைப் பதிவு செய்திருக்கிறார்களா என்று தேடிப் பார்ப்பது முதல் வேலை. பள்ளி ஆசிரியரும் பெற்றோரும் உடனிருந்து அதைச் செய்யலாம். ராம்குமாரின் பத்தாண்டுப் போராட்டம் முடிந்ததும் அந்தக் கேள்வியில்தான்.