ஸ்ரீ முருகன் ஸ்டோர்ஸ் எத்தனை?

ஒரு மொத்த வியாபாரியின் கணக்கில் "ஸ்ரீ முருகன் ஸ்டோர்ஸ்" என்று ஒரு பெயர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பக்கம் தள்ளிப் பார்த்தால் "முருகன் ஸ்டோர்" என்று ஒன்று. அப்புறம் "எஸ். முருகன் மளிகை". அதற்கும் கீழே "முருகன் அண்டு சன்ஸ், திருநெல்வேலி ஜில்லா". கடைசியில் "முருகன் அண்டு சன்ஸ், தென்காசி ஜில்லா". இவை ஐந்து கடைகளா, மூன்றா, அல்லது ஒன்றேதானா?

காகிதப் பேரேடு இருந்த காலத்தில் இந்தக் கேள்வி எழுந்ததே கிடையாது. முப்பது வருஷமாக அதே மேஜையில் உட்கார்ந்திருந்த கணக்குப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லிவிடுவார். இப்போது கணக்கு கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. கணக்குப்பிள்ளையும் ஓய்வு பெற்றுவிட்டார். ஆகவே அந்தப் பதிலைச் சொல்வதற்கு ஸாப்ட்வேர் விற்கிறார்கள்.

"தரவுத் தூய்மை" என்றும், "தரவு ஒருங்கிணைப்பு" என்றும் அதற்குக் கம்பீரமான பெயர்கள். விஷயம் என்னவோ எளியதுதான். ஒரே ஆள் பல பெயர்களில் பதிவாகியிருந்தால் ஒன்றாக்குவதும், விட்டுப்போன அஞ்சல் எண்ணை நிரப்புவதும், தேதிகளை ஒரே மாதிரி எழுதுவதும் தூய்மை. விற்பனைக் கணக்கு டாலியில் இருக்கிறது. கடைக்காரர்களின் டெலிபோன் எண்கள் லயன் போகும் பையனின் எக்ஸெல் தாளில் இருக்கின்றன. ஆர்டர்கள் வாட்ஸப்பில் வருகின்றன. சரக்கு இருப்போ கிடங்குக் குமாஸ்தாவின் நோட்டுப் புத்தகத்தில்! இவற்றையெல்லாம் ஒன்றோடொன்று பேச வைப்பது ஒருங்கிணைப்பு.

இந்த இரண்டு கைங்கரியத்தையும் செய்து தருகிறோம் என்று சொல்லும் கம்பெனிகள் இன்று ஏராளம். அவற்றின் பிரதிநிதி வருகிறார், லாப்டாப்பைத் திறக்கிறார், ஐந்தே நிமிஷத்தில் பத்தாயிரம் பெயர்களைத் துலக்கிப் பளபளவென்று காட்டுகிறார். முதலாளி அசந்து போகிறார். அசந்து போகக் கூடாத சந்தர்ப்பம் ஒன்று உண்டென்றால் அது அதுதான் என்பது என் அபிப்பிராயம். ஏனென்றால் அவர் துலக்கிக் காட்டியது அவர் கையோடு கொண்டு வந்த அழுக்கை. நம் வீட்டு அழுக்கு வேறு ரகம்.

நம் ஊர் அழுக்கு

1918-ம் ஆண்டு அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் பெயர்களை ஒலியைக் கொண்டு வகைப்படுத்தும் முறை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். "சவுண்டெக்ஸ்" என்று பின்னால் பெயர் பெற்ற முறை அதிலிருந்து வளர்ந்தது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துக்களைத் தள்ளிவிட்டு, மீதி மெய்யெழுத்துக்களை எண்களாக மாற்றும் தந்திரம் அது. அதுவும் அதன் வாரிசுகளும் இன்றைக்கும் பல ஸாப்ட்வேர்களின் வயிற்றுக்குள் இருக்கின்றன. ஆங்கிலேயர் பெயர்களுக்கு நல்ல தந்திரம். நம் பெயர்களுக்கு?

"செந்தில்" என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் "எஸ்" போட்டு ஆரம்பிக்கிறார். இன்னொருவர் "சி, எச்" போட்டு ஆரம்பிக்கிறார். முதல் எழுத்தே வேறு. ஆகவே யந்திரத்தின் கணக்கில் இவர் வேறு, அவர் வேறு. "அழகன்" இருக்கிறாரே, அவருடைய "ழ"வுக்கு ஒரு குமாஸ்தா "இசட், எச்" போடுவார். அடுத்த குமாஸ்தா "எல்" ஒன்றே போதும் என்று விட்டுவிடுவார். இதற்கு மேல் தகப்பனார் பெயரின் முதலெழுத்து ஒரு தாளில் முன்னால் நிற்கும், மற்றொரு தாளில் பின்னால் நிற்கும், மூன்றாவதில் காணாமலே போய்விடும்.

சரி, தமிழிலேயே பதிவு செய்தால் தொல்லை விட்டதா? அதுவும் இல்லை. கடைப் பெயர்களில் பாதிக்கு முன்னால் நிற்கும் "ஸ்ரீ"யை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடு முறையில் இதை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று "ஸ"வில் தொடங்குவது. மற்றொன்று, 2005-ல் அந்த முறையில் சேர்க்கப்பட்ட "ஶ" என்ற எழுத்தில் தொடங்குவது. அநேகமாக எல்லாத் திரைகளிலும் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். கண்ணுக்குத்தான் ஒன்று, கம்ப்யூட்டருக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். "ஔ" என்று ஒரே எழுத்தாக அடிப்பதற்கும் "ஒ"வையும் "ள"வையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைப்பதற்கும் இதே கதிதான். யூனிகோடு வருமுன் பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த ஜாபிதாக்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் நாமாவளி முழுவதும் கிறுக்கலாக நிற்கும்.

ஊர்களுக்கு வருவோம். 2019-ல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி பிரிந்தது. வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. அதே வருஷம் கள்ளக்குறிச்சியும் செங்கற்பட்டும் தனி ஜில்லாக்களாயின, 2020-ல் மயிலாடுதுறை. கடை நகரவில்லை, ஜில்லா நகர்ந்துவிட்டது! பழைய விலாசமும் புது விலாசமும் ஒரே கடைதான் என்று யந்திரத்துக்கு யாராவது சொல்லித்தர வேண்டும். அப்படிச் சொல்லித்தரும்போது சிவகங்கை ஜில்லாவிலும் ஒரு திருப்பத்தூர் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால், அங்கே அனுப்ப வேண்டிய அரிசி மூட்டை இங்கே வந்து இறங்கும்.

ஆகவே ஸாப்ட்வேர் வாங்க நினைப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை, தம்முடைய பேரேட்டிலிருந்தே, உள்ளதிலேயே மோசமான ஐந்நூறு வரிகளைப் பொறுக்கி எடுத்து வைப்பது. ஓய்வு பெற்ற கணக்குப்பிள்ளையை ஒரு வாரம் வரவழைத்து, கௌரவமான சம்பளம் கொடுத்து, அவற்றில் எது எதோடு சேரும் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தாளைப் பிரதிநிதியிடம் காட்டாமல் வரிகளை மட்டும் கொடுத்து, யந்திரம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். இந்தப் பரீட்சைக்கு ஒப்புக்கொள்ளாத கம்பெனியோடு மேற்கொண்டு பேசுவதற்கு ஒன்றுமில்லை.

பதினைந்து எழுத்து

ஒரு விஷயத்தில் நம் வியாபாரிகளுக்கு அதிர்ஷ்டம் உண்டு. 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்ததும், பதிவு செய்த ஒவ்வொரு வியாபாரிக்கும் பதினைந்து எழுத்தில் ஓர் எண் கிடைத்தது. முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் வருமான வரி "பான்" எண். கடைசி எழுத்து, முன்னால் உள்ள பதினாலும் சரியாக எழுதப்பட்டனவா என்று சோதிப்பதற்கென்றே வைத்தது. பெயரில் ஆயிரம் குளறுபடி இருந்தாலும் இந்த எண் ஒத்துப்போனால் ஆள் அவரேதான். பெயர்களை ஒப்பிடும் சாமர்த்தியத்துக்குப் பணம் கேட்கும் ஸாப்ட்வேர், முதலில் இந்தப் பதினைந்து எழுத்தைச் சோதிக்கிறதா என்று கேளுங்கள். பதிவு செய்ய வேண்டிய அவசியமில்லாத சிறு கடைகளுக்கு இந்த எண் கிடையாது என்பது வாஸ்தவம். அங்கேதான் சாமர்த்தியம் வேண்டும்.

இதில் காசு சம்பந்தமும் இருக்கிறது. 2022 ஜனவரி முதல் தேதியிலிருந்து, சரக்கு விற்றவர் தம் பில்லைச் சர்க்காரிடம் காட்டி, அது வாங்கியவரின் "2 பி" பட்டியலில் வந்தால்தான் வாங்கியவர் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியும். தம் கொள்முதல் கணக்கில் "457" என்று எழுதியிருக்கிறார்; பட்டியலில் "டிஎன்/0457/24-25" என்று வந்திருக்கிறது. இரண்டும் ஒரே பில் என்று கண்டுபிடிப்பது மாதா மாதம் நடக்கும் தலைவலி. கோடுகளையும் பூஜ்யங்களையும் சீவிவிட்டு ஒப்பிடுகிறோம் என்று சில ஸாப்ட்வேர்கள் சொல்கின்றன. நல்லது. ஆனால் பில் எண் ஒவ்வொரு நிதியாண்டிலும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கலாம். வருஷத்தையும் சேர்த்துச் சீவிவிட்டால் போன வருஷத்து 457-ம் இந்த வருஷத்து 457-ம் தழுவிக்கொள்ளும். தேதியையும் தொகையையும் சேர்த்துப் பார்க்காத ஸாப்ட்வேர் இந்த வேலைக்கு உதவாது.

யாருடைய கடன்?

பிரதிநிதிகள் பெருமையடித்துக்கொள்வதெல்லாம், தங்கள் யந்திரம் எத்தனை ஒற்றுமைகளைக் கண்டுபிடித்தது என்பதைப் பற்றித்தான். நான் கேட்கச் சொல்வது அதற்கு நேர் எதிரான கேள்வி: சேர்க்கக் கூடாத எத்தனை பேரைச் சேர்த்துவிட்டது?

ஒரே கடை இரண்டு பெயரில் நின்றுவிட்டால் தீபாவளி வாழ்த்துக் கடிதம் இரண்டு போகும். அவ்வளவுதான் நஷ்டம். இரண்டு கடைகள் ஒன்றாகிவிட்டால்? தென்காசி முருகன் வைத்த பாக்கியைத் திருப்பத்தூர் முருகனிடம் போய்க் கேட்பார்கள். நாணயமாக இருபது வருஷம் கொடுத்து வாங்கிய மனிதர் கடை வாசலில் கூனிக் குறுகி நிற்பார். சரக்கு நின்றுபோகும். "கம்ப்யூட்டரில் அப்படித்தான் இருக்கிறது" என்று பதில் வரும்.

இது வெறும் கற்பனைப் பயம் என்று நினைக்க வேண்டாம். 2000-ம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னால், ஃப்ளோரிடா மாநிலத்தில் தண்டனை பெற்ற குற்றவாளிகளின் பட்டியலை வாக்காளர் பட்டியலோடு கம்ப்யூட்டரில் ஒப்பிட்டார்கள். பெயர் முழுவதும் பொருந்த வேண்டியதில்லை, ஏறக்குறையப் பொருந்தினால் போதும் என்று வைத்துக்கொண்டார்கள். ஒரு குற்றமும் செய்யாதவர்கள் பலருடைய பெயர்கள் அதில் சிக்கின. அந்த மாநிலத்தில் வெற்றி தோல்வியைத் தீர்மானித்த வித்தியாசம் 537 வாக்குகள்!

"ஏறக்குறைய" என்பது எவ்வளவு என்பதை இந்த ஸாப்ட்வேர்களில் நாமே வைக்கலாம். எக்ஸெல்லுக்குள்ளேயே இருக்கும் பவர் க்வெரியில் இதற்கு 0.80 என்று ஓர் அளவு தயாராக வைத்திருக்கிறார்கள். அது எந்த ஊர்ப் பெயர்களை மனத்தில் வைத்துப் போட்ட அளவோ! அதைத் தொடாமல் பொத்தானை அழுத்துகிறவர்களே அதிகம். யந்திரம் யோசனை சொல்லட்டும். சேர்ப்பதும் சேர்க்காததும் விஷயம் தெரிந்த ஒரு மனிதரின் பொறுப்பில் இருக்கட்டும். சேர்த்தது தப்பென்று ஆறு மாதம் கழித்துத் தெரிந்தால் பழையபடி பிரிக்க வழி இருக்கிறதா, யார் எப்போது சேர்த்தார்கள் என்பதற்குப் பதிவு இருக்கிறதா? இந்த இரண்டும் இல்லாத ஸாப்ட்வேரை இனாமாகக் கொடுத்தாலும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

"எக்ஸெல் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?" என்பவர்களும் உண்டு. ஆயிரம் வரிக்குள் அடங்குகிற வியாபாரத்துக்கு அது போதும்தான். ஆனால் அந்த நண்பருக்கும் குறும்பு உண்டு. பதினாறு இலக்க வங்கிக் கணக்கு எண்ணை எண்ணாகவே அடித்தால் பதினைந்துக்கு மேல் பூஜ்யமாக்கிவிடும். முன்னால் உள்ள பூஜ்யத்தை விழுங்கிவிடும். "மார்ச்1" என்ற மனித மரபணுவின் பெயரை அது தேதியாக மாற்றி மாற்றிப் போட்டதில், 2020-ல் விஞ்ஞானிகள் அந்த மரபணுவின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று. அதே வருஷம் செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 கொரோனா நோயாளிகள் கணக்கிலிருந்து காணாமல் போனார்கள். பரிசோதனைச் சாலைகளிலிருந்து வந்த விவரங்களை, 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாத பழைய எக்ஸெல் தாளில் கொட்டியிருந்தார்கள். நிரம்பியதும் மீதி வெளியே விழுந்துவிட்டது. அந்த நோயாளிகளோடு பழகியவர்களை எச்சரிப்பதும் அத்தனை நாள் தாமதமாயிற்று.

இலவசமும் விலையும்

இலவசமாகவே கிடைப்பவை சில உண்டு. ஓபன்ரிஃபைன் என்பது கூகிள் கம்பெனியிடம் சில காலம் இருந்து, 2012-ல் பொதுச் சொத்தாக வெளியே வந்தது. நம்முடைய கம்ப்யூட்டரிலேயே ஓடும். செய்த ஒவ்வொரு காரியத்தையும் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு, வேண்டுமானால் பின்னோக்கிப் போகும். நடுத்தர வியாபாரி எவரும் காசு கொடுத்து வாங்கும் முன் ஒரு மாதம் இதில் பழகிப் பார்க்கலாம். தினமும் தானாக ஓடி நாலு இடத்துக் கணக்கைச் சேர்ப்பது அதன் தொழில் அல்ல. அதற்கு வேறு வேண்டும்.

இலவசம் என்பதாலேயே நிலையானது என்றும் நம்பிவிடக் கூடாது. டாலண்டு ஓபன் ஸ்டூடியோ என்ற ஒருங்கிணைப்பு ஸாப்ட்வேரை உலகெங்கும் இலவசமாக உபயோகித்து வந்தார்கள். 2023-ல் அந்தக் கம்பெனியை க்ளிக் கம்பெனி வாங்கியது. 2024 ஜனவரி 31-ம் தேதியோடு இலவசப் பதிப்பு நின்றது. விலை கொடுத்து வாங்குவதிலும் இதே கதைதான். 2022-ல் ட்ரைஃபாக்டாவை ஆல்ட்ரிக்ஸ் வாங்கியது, 2025-ல் இன்பர்மாட்டிகாவை சேல்ஸ்போர்ஸ் வாங்கியது. பெண்ணைக் கொடுக்கும்போது இருந்த சம்பந்தி வேறு, இப்போது இருக்கும் சம்பந்தி வேறு என்கிற நிலைமை! வருஷச் சந்தாவை வரிக் கணக்கில் வாங்குகிறார்களா, ஆள் கணக்கில் வாங்குகிறார்களா என்று பேரம் பேசுவதைவிட, நாளைக்கு விலகினால் நம் பெயர்களையும் நாம் வகுத்த விதிகளையும் எந்த உருவத்தில் திருப்பித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குவது முக்கியம்.

இன்னொன்று. துலக்குவதற்காக நம் ஜாபிதா அவர்களுடைய கம்ப்யூட்டருக்குப் போகிறது என்றால், அதில் ஆயிரக்கணக்கான மனிதர்களின் டெலிபோன் எண்ணும் விலாசமும் பாக்கித் தொகையும் போகின்றன. 2023-ல் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வேலையை வேறு கம்பெனியிடம் ஒப்படைத்தாலும் பொறுப்பு ஒப்படைத்தவருடையதே. பாதுகாப்பில் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, கட்டம் கட்டமாக அமலுக்கு வருகின்றன. தம்மைப் பற்றிய விவரம் தப்பாக இருந்தால் திருத்தச் சொல்லும் உரிமையையும் அந்தச் சட்டம் தருகிறது. திருப்பத்தூர் முருகன் ஒரு நாள் வந்து, "என் பேரில் எழுதியிருக்கும் பாக்கி என்னுடையதல்ல, எங்கிருந்து வந்தது என்று காட்டுங்கள்" என்று கேட்கலாம். அதைக் காட்டும் திரை எது என்று, பிரதிநிதி லாப்டாப்பை மூடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.