மரத் தீவில் மரமல்லாத மரம்

மரத்துக்குப் பேர்போன ஊரில் மரம் வாங்குவது பெரும்பாடாகிவிட்டது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில், அபர்டீன் பஜார்தான் பெரிய கடைவீதி. அங்கே கடையோ விடுதியோ கட்டுபவர் சுவரைக் கான்கிரீட்டில் எழுப்பிவிடலாம். முகப்பு மட்டும் பழைய அந்தமான் வீடுகளைப் போல மரப்பலகையாகத் தெரியவேண்டும் என்று ஆசைப்பட்டால்தான் சங்கடம். அசல் படாக் மரம் எளிதில் கிடைக்காது. கிடைத்தாலும் விலை மிரட்டும். அப்போது கண்ணில் படுவதுதான் 'காம்போசிட்' என்ற கலப்புப் பலகை. பார்வைக்கு மரம், கரையான் பயமில்லை, வார்னிஷ் செலவு இல்லை என்பது விற்பவர்களின் வாக்குறுதி. பாதி உண்மை. மீதிப் பாதியை வாங்குபவர்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மரத்துக்கு இந்தத் தட்டுப்பாடு வந்ததற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. போர்ட் பிளேரை ஒட்டி, பாலத்தால் இணைக்கப்பட்டுள்ள சாத்தம் தீவின் மர அறுவை மில் 1883இல் ஆங்கிலேயர் நிறுவியது. அங்கே அறுத்த செம்பழுப்பு நிறப் படாக் கப்பலேறி வெளிநாடுகளுக்குப் போயிற்று. சுதந்திரத்துக்குப் பின் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைகளும் காட்டை நம்பியே நடந்தன. வெட்டு அளவு மீறியபோது விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. சேகர் சிங் கமிஷனின் அறிக்கையைப் பரிசீலித்து 2002 மே மாதம் கோர்ட் பிறப்பித்த உத்தரவு, மரம் வெட்டுவதைத் தீவுவாசிகளின் தேவை என்ற எல்லைக்குள் சுருக்கியது. காட்டுக்கு இது நல்லதே. ஆனால் ஊரின் முகம் கான்கிரீட்டாக மாற அதுவும் ஒரு காரணம்.

கலப்புப் பலகை என்று ஒரே பெயரில் விற்கப்பட்டாலும் சரக்கு ஒன்றல்ல. மரத்தூளையும் பாலிஎதிலீன் பிளாஸ்டிக்கையும் உருக்கிக் கலந்து, அச்சு வழியே பிதுக்கி எடுப்பது ஒரு ரகம். இதில் பாதிக்குக் குறையாமல் மரத்தூள் இருப்பது வழக்கம். தாள்களைப் பிசினில் ஊறவைத்து அதிக அழுத்தத்தில் இறுக்கிய லாமினேட் இன்னொன்று. சிமெண்டில் மர நாரைச் சேர்த்துச் செய்யும் பலகை மூன்றாவது. இந்தியக் கடைகளில் 'டபிள்யூ.பி.சி.' என்று விற்பவற்றில் பல, உண்மையில் பி.வி.சி. நுரையில் கொஞ்சம் மரத்தூள் சேர்த்தவை. சமையலறை அலமாரிக்கும் குளியலறைக் கதவுக்கும் அவை சரி. வெளிச்சுவரில் வெயிலுக்கு நேராக அடித்தால் வெளுத்துப்போகும், நெளியும். எனவே முதலில் கேட்கவேண்டிய கேள்வி: இது வெளிப்புறத்துக்கென்றே செய்த பலகைதானா?

அந்தமானில் அந்தக் கேள்விக்குக் கூடுதல் அர்த்தம் உண்டு. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, இரண்டு பருவக்காற்றுகள், இடைவிடாத உப்புக் காற்று. பிளாஸ்டிக்கில் பொதிந்த மரத்தூளைக் கரையான் எளிதில் தின்னாது என்பது உண்மை. ஆனால் அறுத்த முனைகளில் தூள் வெளியே தெரியும். அங்கே ஈரம் ஏறும், பூஞ்சை படரும். பல இடங்களில் பலகைக்கு முன்னால் ஸ்க்ரூதான் சாகிறது. சாதாரண இரும்பு ஆணி துருவழிந்து சுவரைக் கறையாக்கும். 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்று வாங்கும் 304 ரகமே கடற்காற்றில் புள்ளி புள்ளியாக அரிக்கும். கடலோரத்துக்கு ஏற்றது 316 ரகம். விலை அதிகம்தான், ஆனால் பலகையைக் கழற்றித் திரும்ப மாட்டும் கூலியோடு ஒப்பிட்டால் லாபம்.

அடுத்தது, வெப்பத்தில் விரிவது. இந்தப் பலகை அசல் மரத்தைவிட நீளவாக்கில் பல மடங்கு விரியும். 3 மீட்டர் பலகை 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் ஏறத்தாழ 4, 5 மில்லிமீட்டர் நீளும். முட்ட முட்ட அடித்தால் நடுவில் வளைந்து புடைக்கும். முனைக்கு முனை இடம் விட வேண்டும். சுவருக்கும் பலகைக்கும் நடுவே ரீப்பர் கொடுத்து, இரண்டு சென்டிமீட்டராவது காற்று ஓட வழி வைக்க வேண்டும். உள்ளே புகுந்த மழைநீர் கீழே வடிந்து காய்வதற்கும் அதுவே வழி. பழைய தச்சர்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய பலகை, நீண்ட தாழ்வாரக் கூரை, தரையிலிருந்து உயர்த்திய தளம் என்று செய்த வேலையெல்லாம் இதற்காகத்தான். நீர் நிற்கக்கூடாது, காற்று நிற்கக்கூடாது. பலகை புதிது, பாடம் பழையது.

நில நடுக்கத்தையும் மறந்துவிட முடியாது. 1941 ஜூன் 26 பூகம்பத்தில் செல்லுலர் சிறையே சேதமடைந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியைச் சொல்லவே வேண்டாம். மரவீடு லேசானது; ஆடும், பெரும்பாலும் தாங்கும். கான்கிரீட் சுவரில் தொங்கும் பலகை, பிடிமானம் சரியில்லாவிட்டால் கடைவீதியில் நடப்பவர் தலையில் விழும். ஆகவே பலகையைத் தாங்கும் சட்டம் கட்டடத்தின் கம்பி, தூணோடு இணையவேண்டும். வெறும் பூச்சில் செருகிய பிளக்கை நம்பக்கூடாது.

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி, நெருப்பு. 2017 ஜூன் 14 அதிகாலை லண்டனின் கிரென்ஃபெல் டவரில் நான்காம் மாடிக் குளிர்பதனப் பெட்டியில் பிடித்த தீ, வெளிச்சுவர் உறை வழியே 24 மாடிக் கட்டடத்தின் உச்சிக்கு ஏறியது. 72 பேர் மாண்டார்கள். அங்கிருந்தது மரக்கலப்பு அல்ல. நடுவில் பாலிஎதிலீன் வைத்த அலுமினியத் தகடு. நம் ஊர்க் கடைகளின் முகப்பிலும் அதே இனத்தைச் சேர்ந்த தகடுகள்தான் மின்னுகின்றன. ஆனால் பாடம் மரக்கலப்புக்கும் பொருந்தும்: இரண்டுமே எரியும் பிளாஸ்டிக்கைச் சுமக்கின்றன. மழைக்காக விட்ட காற்றுவழி, தீ வந்தால் புகைபோக்கியாகிவிடும். ஆகவே மாடிக்கு மாடி அந்த இடைவெளியில் தீத்தடுப்பு வைக்க வேண்டும். இங்கிலாந்து 2018 டிசம்பரிலிருந்து 18 மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியக்கூடிய பொருட்களைத் தடை செய்தது. கடைகள் நெருங்கி நிற்கும் பஜாரில், விளம்பர விளக்குகளின் ஒயர் பலகைக்குப் பின்னால் ஓடும் இடத்தில், உயரம் குறைவு என்று அலட்சியம் செய்ய முடியாது. தீ விஷயத்தில் மூன்று ரகங்களில் பத்திரமானது சிமெண்ட் பலகை. அழகில் ஒரு படி குறைவு. நிம்மதியில் இரண்டு படி கூடுதல்.

காடு பிழைக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். போதும், ஒரு நிபந்தனையோடு. படாக் பலகை ஆயுள் முடிந்தால் மண்ணோடு மண்ணாகும், விறகாகும். பிளாஸ்டிக்கும் மரத்தூளும் கலந்ததைப் பிரித்து எடுக்க முடியாது, எரித்தால் நச்சு. சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர் கடல் கடந்து வந்த சரக்கு, பயனற்றுப் போனதும் குப்பையாகத் தீவிலேயே தங்கும். இல்லையென்றால் அதே கப்பலில் திரும்ப வேண்டும். குப்பை கொட்டத் தீவில் இடம் குறைவு.

அதனால் முகப்பு முழுவதையும் மூட வேண்டியதில்லை. மழையும் வெயிலும் நேரே படாத தாழ்வாரத்தின் அடியில், கை எட்டும் இடத்தில், கொஞ்சம் பலகை போதும். அங்கே சாத்தத்தில் அறுத்த அசல் மரமாகவே இருந்தாலும் செலவு கைமீறாது. மற்ற சுவர் கான்கிரீட்டாகவே தெரியட்டும். ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த மரத்தின் சாயலைப் பிளாஸ்டிக்கில் அச்சடித்து முழுச் சுவருக்கும் போர்த்துவதைவிட, ஒரு முழம் நிஜமரம் மரியாதையானது.