வாழ்க்கை முறையாம், வாழ்க்கை முறை!

உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு உன் "வாழ்க்கை முறை"தான் காரணம் என்று பெரிய மனிதர்கள் உபதேசம் செய்கிறார்கள். பீடி குடிக்காதே, சாராயம் தொடாதே, வெற்றிலையும் புகையிலையும் மெல்லாதே, கொதிக்கக் கொதிக்கத் தேநீர் குடிக்காதே! அத்தனையும் மெய்தான். விஞ்ஞானத்தோடு நமக்குச் சண்டையில்லை. பீடியை விடும் தோழர் நல்ல காரியமே செய்கிறார். ஆனால் பாதியைச் சொல்லிப் பாதியை மறைப்பது பித்தலாட்டம்.

2022-ல் மட்டும் உலகில் 5 லட்சம் பேருக்கு மேல் இந்நோய் கண்டது. அவர்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் சீனத்தில்.

அங்கே ஹோனான் மாகாணத்தில் லின்சியான் என்றொரு வறண்ட வட்டாரம். 1960-களில் தைஹாங் மலையைக் குடைந்து, செங்கொடிக் கால்வாயைத் தங்கள் கையாலேயே வெட்டிய விவசாயிகளின் பூமி. உலகிலேயே இந்நோய் மிகக் கொடுமையாகத் தாக்கிய இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே குடி அபூர்வம். பெண்கள் புகைப்பதும் இல்லை. இருந்தும் ஆணையும் பெண்ணையும் ஏறக்குறைய சரிசமமாக நோய் தாக்கியதே! எந்தக் கெட்ட பழக்கத்தைச் சொல்வீர்கள், கனவான்களே? அவர்கள் உணவில் காய் இல்லை, கனி இல்லை. ஜாடியில் புளிக்க வைத்துப் பூசணம் படர்ந்த கீரைதான் கறி. 1986 முதல் 1991 வரை சுமார் 30,000 கிராமத்தாரிடம் சத்து மாத்திரைகளைச் சோதித்தார்கள். செலினியம், பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ மூன்றும் பெற்றவர்களிடம் புற்றுநோய்ச் சாவு 13 சதவிகிதம் குறைந்தது; முக்கியமாக இரைப்பைப் புற்றில். பல வருஷம் கழித்துப் பார்த்தால், 55 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடம் உணவுக்குழாய்ப் புற்றுச் சாவும் குறைந்திருந்தது. மூத்தவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. ஆயுள் முழுவதும் பட்ட பட்டினியை மாத்திரை ஈடுகட்டுமா?

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 1970-களுக்குப் பின் பெருகியது இதன் வேறொரு வகை. உடல் பருமனும், இரைப்பை அமிலம் மேலேறுவதும் அதற்குக் காரணம். கொழுப்பையும் சர்க்கரையையும் டப்பாவில் அடைத்து விற்றவனுக்கு எவன் உபதேசம் செய்தான்?

நம் கதை என்ன? குடிக்காதே என்று சுவரில் எழுதும் சர்க்கார், 2003 முதல் சில்லறை மதுக்கடையைத் தானே நடத்துகிறது!

சீனத்தின் சிசியான் வட்டாரத்தில் கிராமத்தாரின் உணவுக்குழாய்க்குள் கருவி விட்டு, அயோடின் தெளித்துச் சோதித்தார்கள். கெட்ட இடம் சாயம் ஏறாமல் வெளிறித் தெரியும். ஆரம்பத்திலேயே சிகிச்சை செய்யலாம். ஒரே ஒரு தடவை சோதித்ததில் பத்தாண்டில் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2015-ல் முடிவு வெளியாயிற்று.

சோறு நெஞ்சில் சிக்குகிறது என்று வரும் மில் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும், கூலி இழப்பில்லாமல் இந்தச் சோதனை செய்ய ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் கருவி வைக்கட்டும், டாக்டரைப் போடட்டும். உபதேசத்தைப் பிறகு கேட்கிறோம்.