1.5 வந்தே தீரும்!

கல்லூரி இயற்பியல் லேபுக்குள் நுழையும்போதே பையன்களுக்குக் கண்ணாடிப் பட்டகத்தின் ஒளிவிலகல் எண் தெரியும். 1.5. சீனியரின் ரெக்கார்டில் இருக்கிறது. சீனியருக்கு சீனியர் ரெக்கார்டிலும் அதேதான். ஆகவே பரிசோதனை தலைகீழாக நடக்கும். முதலில் விடை, பிறகு விடைக்கேற்ற கோணம். நேரம் மிச்சமிருந்தால் ஸ்பெக்ட்ராமீட்டருக்குள் ஒரு எட்டிப் பார்த்தல். இந்தக் கலைக்கு 'குக்கிங்' என்று பெயர். கைதேர்ந்தவர்கள், எக்ஸ்டர்னல் சந்தேகப்படுவாரே என்று 1.498 போடுவார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சோதனைக்குச் சமையலே தேவையில்லை. சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி பட்டகத்துக்குள் போய் வளைந்து வருகிறது. பட்டகத்தை மெல்லத் திருப்பினால் டெலஸ்கோப்பில் தெரியும் கோடும் நகரும். ஓரிடத்தில் 'போதும்ப்பா' என்று நின்று, வந்த வழியே திரும்பும். அந்தத் திருப்பம்தான் மினிமம் டீவியேஷன். அங்கே பட்டகம் லேசாக ஆடினாலும் கோடு அசைவது தெரியாது. 60 டிகிரிப் பட்டகம், 1.5 கண்ணாடி என்றால் அந்தக் கோணம் 37 டிகிரி சொச்சம். தூக்கக் கலக்கத்தில் 38 என்று படித்தாலும் விடை 1.51தான் வரும். இவ்வளவு தயாள குணமுள்ள கருவியிடம் போய்ப் பொய் சொல்வானேன்?

அதே மஞ்சள் கோட்டை கிரேட்டிங் வைத்துப் பாருங்கள். ஸ்லிட்டைக் குறுக்கி இரண்டாவது ஆர்டருக்குப் போனால், ஒரு கோடு இரண்டாகப் பிரியும். 5890, 5896 ஆங்ஸ்ட்ராம். ரெக்கார்டில் சராசரி 5893 மட்டும் இருக்கும். சமைக்கிறவருக்கு அது கடைசிவரை ஒற்றைக் கோடுதான்.

இப்படித் தவறவிடுவது சில சமயம் பெரிய சமாசாரமாகவும் இருக்கலாம். 1923-ல் கல்கத்தாவில், ராமனின் மாணவர் கே.ஆர்.ராமநாதன் திரவங்களில் சூரிய ஒளியைச் செலுத்திக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு ஃபில்டர், பின்னால் ஒரு ஃபில்டர். ஒன்று விடுவதை மற்றது தடுக்கும். கணக்குப்படி ஒன்றும் தெரியக்கூடாது. ஆனால் மங்கலாக ஏதோ தெரிந்தது. திரவத்தில் அழுக்கு என்று நினைத்தார்கள். மறுபடி மறுபடி காய்ச்சி வடித்துச் சுத்தம் செய்தும் அந்த மங்கல் போகவில்லை. 'பூஜ்யம்' என்று எழுதிவிட்டு டிபன் சாப்பிடப் போயிருக்கலாம். போகவில்லை. தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதிவைத்தார்கள். அந்த மங்கலைத்தான் ராமனும் கே.எஸ்.கிருஷ்ணனும் துரத்திப் பிடித்தார்கள். 1928 பிப்ரவரி 28-ல் அதற்கு விடை கிடைத்தது. திரவத்தின் மூலக்கூறுகள் ஒளியின் நிறத்தையே மாற்றி அனுப்புகின்றன. ராமன் விளைவு. 1930-ல் நோபல் பரிசு.

நமக்கும் லேபுக்கும் என்றோ டைவர்ஸ் ஆகிவிட்டது, சரிதான். ஆனால் குக்கிங் விட்டதா? மாதக் கடைசி ஸ்டேட்மென்ட் டேலி ஆகாதபோது, உதைக்கிற தொகையை 'இதர செலவுகள்' தலையில் கட்டுகிறோமே, அதுவும் அதே சமையல்தான். அடுத்த தடவை கட்டுமுன் அந்தச் சொச்சத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்கள்.

நோபல் எல்லாம் கிடைக்காது. கேஷியரின் கைங்கரியம் ஏதாவது வெளிச்சத்துக்கு வரலாம்!